எழுவாய் மறுக்கப்பட்ட கலைஞர்: ஜே சில்வர்ஹீல்ஸ்

அமெரிக்கத் திரைப்பட வரலாற்றில் தனியொரு வகையாகத் தோன்றி வளர்ந்து, உலக மொழிகள் பலவற்றின் திரையுலகையும் தொட்டுச் சென்றவை 'வெஸ்டர்ன்' எனப்படும் படங்கள். தமிழகத்தார் அவற்றைக் 'கௌபாய் படங்கள்' என்றே அழைத்துப் பழகினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மேற்குப் பகுதியில் வெள்ளையினத்தார் குடியேறிய காலத்தைக் களமாகக் கொண்டவை அவை. குடியேறிகள் நாயகர்களாகவும், மண்ணுக்குரிய தொல்குடியினர் பகைவராகவோ ஏவலராகவோ அமைவது அப்படங்களின் நெடுங்கால மரபு. அந்த மரபின் உள்ளிருந்தே வாழ்ந்து, அதன் எல்லைகளைத் தம் உடலாலும் குரலாலும் உணர்ந்து, பின்வந்தோர்க்கு வழி அமைக்க முயன்றவர் ஜே சில்வர்ஹீல்ஸ் (1912–1980).

இப்பெயரை அறிந்தோர் சிலரே. ஆனால் 'டோன்டோ' என்றால் அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அறியும். முகமூடி அணிந்த வெள்ளைக் குதிரை வீரனின் பக்கத்தில், புள்ளிகள் படர்ந்த குதிரைமீது அமர்ந்து, குறைந்த சொற்களைச் சிதைந்த ஆங்கிலத்தில் பேசும் துணைவன் டோன்டோ. அவ்வேடத்தை எட்டாண்டுக் காலம் தொலைக்காட்சியில் தாங்கியவர் சில்வர்ஹீல்ஸ். வேடம் பேசிய மொழி சிதைந்தது; வேடம் தாங்கியவரோ கவிதை எழுதியவர். இந்த முரண்பாடு மொழியைத் தம் தொழிலாகவும் தவமாகவும் கொண்டோர் கருதிப் பார்க்கத்தக்கது.

'இந்தியர்' என்பது கடல்வழியைப் பிழைபடக் கணித்த ஒருவர் இட்ட பெயர். தமிழில் அது நிறத்தையும் சேர்த்துக்கொண்டு 'செவ்விந்தியர்' என வழங்கியது. இரண்டுமே பிறர் இட்ட பெயர்களாதலின், இக்கட்டுரையில் தொல்குடியினர் என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

மண்ணும் மரபும்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் கிராண்ட் ஆற்றங்கரையில் அமைந்தது 'ஆறு இனங்களின்' ஒதுக்கீட்டு நிலம். மொஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்னும் ஆறு இனத்தாரின் கூட்டமைப்பை ஐரோப்பியர் 'இரோகுவா' என்றனர். அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் 'ஹோடனோசோனி' என்பதாகும். நெடுமனை எழுப்பி வாழும் மக்கள் என்பது அதன் கருத்து. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்று தம் தாயகத்தை இழந்த அவர்களுக்கு, 1784இல் ஆளுநர் ஹால்டிமான்ட் வழங்கிய நிலம் அது. வழங்கிய நிலத்தின் பெரும்பகுதி பின்னர்க் கைநழுவியது வேறொரு நெடுங்கதை.

இம்மண்ணில் 1861இல் பிறந்தவர் கவிஞர் பாலின் ஜான்சன். தந்தை மொஹாக் தலைவர். தாய் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதி, ஊர் ஊராகச் சென்று மேடைகளில் அவற்றைச் சொல்லி வாழ்ந்தவர் அவர். நிகழ்ச்சியின் ஒரு பகுதியில் தோலாடை அணிந்து தொல்குடிப் பெண்ணாகத் தோன்றுவார். மறுபகுதியில் ஐரோப்பிய மாலைநேர உடையில் வருவார். எந்த உடையைக் காணக் கூட்டம் வருகிறது என்பதை அவர் அறியாதவர் அல்லர். 1892இல் டொராண்டோ இதழொன்றில் எழுதிய கட்டுரையில், நாவல்களில் வரும் தொல்குடிப் பெண்ணுக்கு இனமும் இல்லை, தனித்தன்மையும் இல்லை என்று அவர் கண்டித்தார். எல்லா நாவல்களிலும் ஏறத்தாழ ஒரே பெயர், ஒரே காதல், ஒரே சாவு என அவர் எடுத்துக்காட்டினார். இனம் அறியாமல் 'இந்தியப் பெண்' என்று மட்டும் எழுதுவது இலக்கியம் ஆகாது என்பது அவர் வாதம். திரைப்படம் பிறப்பதற்கு முன்பே, திரைப்படம் செய்யவிருந்த பிழையை ஒரு கவிஞர் சுட்டிவிட்டார் எனலாம்.

ஜான்சனின் கவிதைகள் தொகுக்கப்பெற்று 'ஃபிளின்ட் அண்டு ஃபெதர்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்த ஆண்டு 1912. அதே ஆண்டு மே 26ஆம் நாள், அதே ஒதுக்கீட்டு நிலத்தில் ஒரு மொஹாக் குடும்பத்தில் ஹாரல்ட் ஸ்மித் பிறந்தார். பிற்காலத்து ஜே சில்வர்ஹீல்ஸ் இவரே. இவருடைய தந்தை முதல் உலகப் போரில் கனடியப் படையில் அதிகாரியாகப் பணியாற்றி, 'மிலிட்டரி கிராஸ்' என்னும் வீரப்பதக்கம் பெற்றவர்.

சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மண்ணில் பெரிய அதிர்ச்சி ஒன்று நிகழ்ந்தது. வழிவழி வந்த தலைவர் அவையைக் கனடிய அரசு 1924ஆம் ஆண்டு அக்டோபரில் நீக்கித் தேர்தல் முறை அவையொன்றைப் புகுத்தியது. அதற்குச் சற்று முன்னர், கயூகா தலைவர் டெஸ்காஹே தம் மக்களின் தன்னாட்சி உரிமையை முறையிட ஜெனீவா சென்றிருந்தார். சர்வதேச சங்கத்தின் பேரவையில் பேச அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. 1925ஆம் ஆண்டு மார்ச்சில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகர வானொலி வழியே அவர் தம் வழக்கைத் தெளிந்த ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். சில மாதங்களில் காலமானார். வானொலி என்னும் புதிய கருவி தொல்குடித் தலைவர் ஒருவரின் குரலைத் தாங்கிய அரிய நேரம் அது. அதே கருவி எட்டாண்டு கழித்து டோன்டோவைப் பெற்றெடுத்தது என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆடுகளத்திலிருந்து திரைக்களத்திற்கு

சில்வர்ஹீல்ஸின் முதற்புகழ் ஆடுகளத்தில் விளைந்தது. வலைப்பை கட்டிய நீண்ட கோலால் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் லாக்ராஸ் விளையாட்டு, ஹோடனோசோனி மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. படைத்தவன் தந்த ஆட்டமாக அவர்கள் அதனைப் போற்றுவர். இளைஞர் ஸ்மித் 1930களில் உள்ளரங்க லாக்ராஸ் அணிகளில் விரைந்தோடும் வீரராகத் திகழ்ந்தார். குத்துச்சண்டையிலும் தேர்ச்சி பெற்று, 1938இல் 'கோல்டன் குளோவ்ஸ்' போட்டியின் நடுத்தர எடைப் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். 'வெள்ளிக் குதிகால்' என்று பொருள்படும் சில்வர்ஹீல்ஸ் என்னும் பெயர் அவரது ஓட்டத்தின் விரைவோடு ஒட்டிய பெயர்.

1937இல் அவரது அணி லாஸ் ஏஞ்சலிஸ் சென்று ஆடியபோது, நகைச்சுவை நடிகர் ஜோ பிரவுன் அவரைக் கண்டு திரைப்படத் தேர்வுக்கு ஊக்கினார். தொடக்கம் எளியதாகவே இருந்தது. கூட்டத்தில் ஒருவராகவும், குதிரையிலிருந்து விழும் சண்டைக் கலைஞராகவும் பத்தாண்டுக்கு மேல் கழிந்தது. படத்தின் பெயர்ப்பட்டியலில் பல நேரம் இவர் பெயரே இராது. 1947இல் 'கேப்டன் ஃபிரம் காஸ்டில்' படத்தில் கோவாட்ல் என்னும் மெக்சிகத் தொல்குடியினராகக் குறிப்பிடத்தக்க வேடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'கீ லார்கோ' படத்தில், புயலுக்கு ஒதுங்க இடம் கிடைக்காமல் வெளியே நிற்க நேரும் செமினோல் இனச் சகோதரருள் ஒருவராக நடித்தார். சிறிய வேடம் எனினும், கதவு சாத்தப்பட்ட வீட்டின் வெளியே நிற்கும் அக்காட்சி, அக்காலத் திரையுலகில் தொல்குடி நடிகர் நின்ற இடத்தையே காட்டுவதாகும்.

வானொலி ஈன்ற வேடம்

'தி லோன் ரேஞ்சர்' வானொலி நாடகம் 1933ஆம் ஆண்டு ஜனவரியில் டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தில் தொடங்கியது. நிலைய உரிமையாளர் ஜார்ஜ் டிரென்டில். எழுத்தாளர் ஃபிரான் ஸ்டிரைக்கர். வானொலியில் தனித்து வாழும் நாயகன் ஒருவன் தன் எண்ணத்தை யாரிடம் சொல்வது? இச்சிக்கலைத் தீர்க்கவே தொடர் தொடங்கிச் சில வாரங்களில் டோன்டோ படைக்கப்பட்டான். அதாவது, அவன் பேசுவதற்காகப் பிறந்தவன் அல்லன். நாயகன் பேசுவதைக் கேட்பதற்காகப் பிறந்தவன். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்னும் வெள்ளையின மேடை நடிகர்.

பெயரிலேயே ஒரு குறை இருந்தது. ஸ்பானிய மொழியில் 'டோன்டோ' என்றால் மூடன். அதனால் அம்மொழியில் தொடரை வழங்கியபோது, காளை என்று பொருள்படும் 'டோரோ' என்று பெயரை மாற்ற வேண்டியிருந்தது. நாயகனை அவன் விளிக்கும் 'கெமோ சாபே' என்னும் சொல் நம்பிக்கைக்குரிய நண்பன் எனப் பொருள்படுவதாக நாடகம் கூறியது. அச்சொல்லோ, நாடக இயக்குநர் ஜிம் ஜுவெலின் மாமனார் மிச்சிகனில் நடத்திய சிறுவர் முகாமின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. டோன்டோ பொட்டவாட்டமி இனத்தவன் என்றது கதை. அவ்வினத்தாரின் தாயகம் பேரேரிப் பகுதி; கதை நிகழ்வதோ தொலைவிலுள்ள டெக்சாஸ் பாலைவெளியில். பாலின் ஜான்சன் சுட்டிய இனமறியாப் பிழை நாற்பதாண்டு கழித்தும் அப்படியே நிலைத்திருந்தது.

எல்லாவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது அவன் பேசிய ஆங்கிலம். அதில் காலங்காட்டும் வடிவங்கள் உதிர்ந்துபோயின. இணைப்புச் சொற்கள் மறைந்தன. 'நான்' என்று நிற்க வேண்டிய எழுவாயின் இடத்தில் 'என்னை' என்னும் வேற்றுமை ஏற்ற வடிவம் வந்தது. 'அவன்' வரவேண்டிய இடத்தில் 'அவனை' வந்தது. தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். வாக்கியத்தில் செயலைச் செய்பவனாக நிற்கும் உரிமை டோன்டோவுக்கு இல்லை. குதிரையேறுகிறான், தடம் காண்கிறான், காயத்துக்கு மருந்து கட்டுகிறான், உயிரையே காக்கிறான். ஆயினும் தன்னைக் குறிக்க வாய் திறக்கும்போது செயப்படுபொருளாகிவிடுகிறான்.

இதன் கொடுமை மொஹாக் மொழியின் இயல்போடு ஒப்பிடும்போது மேலும் தெளிவாகும். தமிழில் வினைமுற்றின் ஈற்றில் நிற்கும் விகுதி எழுவாயைக் காட்டிவிடுகிறது. மொஹாக் மொழியிலோ வினையின் முன்னொட்டு அப்பணியைச் செய்கிறது. செய்பவர் யார், செயலுக்கு ஆட்படுபவர் யார் என்பதைச் சுட்டாமல் வினைச்சொல் நில்லாது. ஒரே சொல் முழு வாக்கியமாகும் நுட்பம் வாய்ந்தது அம்மொழி. அம்மொழியின் சொந்தச் சொற்களில் இரண்டு இதழ்களும் பொருந்திப் பிறக்கும் பகர மகர ஒலிகளும் இல்லை. நம் சித்திரகவி மரபில் அரும்பாடுபட்டு நிரோட்டகம் பாடியோர் இதனை வியப்பர். இத்தகைய மொழிக்குரிய இனத்தில் பிறந்தவர், 'கெமோ சாபே' என்று இதழ் பொருத்தி, எவருக்கும் தாய்மொழி அல்லாத ஒரு மொழியை எட்டாண்டு பேச நேர்ந்தது.

திரையில் எட்டாண்டுகள்

தொலைக்காட்சித் தொடராக 'தி லோன் ரேஞ்சர்' ஏ.பி.சி. நிறுவனத்தில் 1949 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 1957 ஜூன் வரை 221 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. இறுதிப் பருவத்தின் 39 பகுதிகள் வண்ணத்தில் எடுக்கப்பட்டவை. இளம் நிறுவனமான ஏ.பி.சி.யின் முதல் பெரும் வெற்றிகளுள் ஒன்று இது. நாயகராக நடித்தவர் கிளேட்டன் மூர். இடையில் ஒரு பருவம் அவருக்குப் பதிலாக ஜான் ஹார்ட் 52 பகுதிகளில் நடித்தார். பின்னர் மூரே திரும்பினார். முகமூடிக்குள் இருந்தவர் மாறியபோதும், முகமூடி இல்லாத சில்வர்ஹீல்ஸ் மாறவில்லை. 1956இலும் 1958இலும் வெளிவந்த இரு திரைப்படங்களிலும் மூரும் அவரும் இணைந்து நடித்தனர்.

தொடரின் முதற்கதை ஊன்றி நோக்கத்தக்கது. கொள்ளையர் பதுங்கித் தாக்கியதில் டெக்சாஸ் காவற்படையினர் அறுவரில் ஐவர் இறக்கின்றனர். குற்றுயிராய்க் கிடந்த ஆறாமவனைக் கண்டெடுத்துப் பிழைக்க வைப்பவன் டோன்டோ. பிழைத்தவன் இருப்பது பகைவர்க்குத் தெரியாதிருக்க ஆறாவது குழியையும் தோண்டி வைப்பவனும் அவனே. எஞ்சிய ஒரே காவலன் நீதான் என்று கூறி, 'லோன் ரேஞ்சர்' என்னும் பெயரையும் அவனே தருகிறான். உயிரும் மறைவும் பெயரும் தந்தவன் எப்போதும் உடனிருக்க, நாயகன் 'தனித்தவன்' என்றே அழைக்கப்படுகிறான். உடனிருப்பவனைக் கணக்கில் கொள்ளாமல் இருந்தாலன்றி இப்பெயர் பொருந்தாது.

எனினும், சில்வர்ஹீல்ஸின் நடிப்பை இக்குறைகளோடு சேர்த்துத் தள்ளிவிடுதல் நீதியாகாது. நிமிர்ந்த உடல், அமைதியான பார்வை, குதிரைமீது இயல்பான இருக்கை, சொல்லுக்கு முன் ஒரு கணம் நிதானித்தல் ஆகியவற்றால் எழுத்தில் இல்லாத பெருமிதத்தை அவர் அவ்வேடத்துக்கு ஊட்டினார். வசனம் குறுக்கிய மனிதனை மெய்ப்பாடு நிமிர்த்தியது. தொல்குடி வேடங்களைப் பெரும்பாலும் சாயம் பூசிய வெள்ளையினத்தாரே ஏற்ற அக்காலத்தில், வாரந்தோறும் வீடுகளின் கூடத்தில் தோன்றிய உண்மையான தொல்குடி முகம் அவருடையது. அவ்வேடத்தை ஏற்றிருக்கவே கூடாது என்று பிற்காலத்தார் சிலர் குறை கூறினர். அவர் மறுத்திருந்தால் வேடம் ஒழிந்திருக்காது. சாயம் பூசிய வேறொருவர்க்குப் போயிருக்கும். இரண்டு தீமைகளுள் எது சிறிது என்று கணக்கிட்டே அக்காலத்துத் தொல்குடி நடிகர் வாழ வேண்டியிருந்தது.

இரண்டு ஆங்கிலங்கள்

டோன்டோவாக நடிக்கத் தொடங்கிய மறு ஆண்டே, 1950இல், டெல்மர் டேவ்ஸ் இயக்கிய 'புரோக்கன் ஆரோ' வெளிவந்தது. அப்பாச்சி இனத்தாரையும் குடியேறிகளையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க முயன்ற படங்களுள் இது முன்னோடியாகப் போற்றப்படுகிறது. படத்தின் தொடக்கத்தில் நாயகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் குரல் ஓர் அறிவிப்பைச் செய்கிறது. அப்பாச்சியர் பேசும்போது பார்ப்போர்க்கு விளங்கும்பொருட்டு ஆங்கிலத்தில் பேசுவர் என்பதே அது. இந்தச் சிறு உடன்பாட்டின் விளைவு பெரிது. தம் மொழியில் பேசுவோரின் பேச்சாகவே அது கொள்ளப்பட்டதால், சிதைந்த ஆங்கிலம் தேவையற்றதாயிற்று. அப்பாச்சியர் முழு வாக்கியங்களில் சிந்தித்தனர், வாதாடினர், மறுத்தனர்.

அப்படத்தில் சில்வர்ஹீல்ஸ் ஏற்றது ஜெரோனிமோ வேடம். தலைவர் கோச்சீஸ் அமைதி உடன்படிக்கைக்கு இசையும்போது, அதனை ஏற்காமல் அவையில் எழுந்து பேசி, தம்மைப் பின்பற்றுவோருடன் வெளியேறுபவர் ஜெரோனிமோ. சில நிமிடங்களே வரும் காட்சிதான். ஆயினும் வாரந்தோறும் சிதைந்த சொற்களைப் பேசிய அதே நா, அங்கே எழுவாயும் பயனிலையும் நிரம்பிய வாக்கியங்களில் சினத்தையும் மானத்தையும் வெளியிட்டது. ஒரே நடிகர், ஒரே காலம், இரண்டு ஆங்கிலங்கள். குறை நடிகரிடம் இல்லை. எழுதியோரிடமே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அதே படம் மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. நடுநாயகமான கோச்சீஸ் வேடம், நியூயார்க்கின் புரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெஃப் சாண்ட்லருக்குத் தரப்பட்டது. சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அமைதியை ஏற்கும் நல்லவன் வேடம் வெளியாருக்கு. மறுத்து வெளியேறுபவன் வேடம் உண்மையான தொல்குடியினருக்கு. 'தி பேட்டில் அட் அப்பாச்சி பாஸ்' (1952), 'வாக் தி பிரவுட் லேண்ட்' (1956) ஆகிய படங்களிலும் சில்வர்ஹீல்ஸ் ஜெரோனிமோவாகவே தோன்றினார். பகைவன், துணைவன் என்னும் இரண்டு கூண்டுகளுக்கிடையே அவர் கலைவாழ்வு மாறி மாறி நடந்தது.

பட்டறையும் பாட்டும்

தொடர் முடிந்தபின் அவருக்கு ஏற்ற வேடங்கள் அருகின. தொலைக்காட்சித் தொடர்களில் விருந்து நடிகராகவும், படங்களில் சிறு வேடங்களிலும் அவர் தோன்றினார். 'ட்ரூ கிரிட்' (1969) படத்தில் தூக்குமேடையில் நிற்கும் கைதியாக வருகிறார். புகழ் இருந்தது, வேலை இல்லை. பல நடிகர்களுக்கு நேரும் நிலைதான் இது. ஆனால் அவருக்கு இனம் என்னும் வேலியும் சேர்ந்து நின்றது.

இந்நிலையில்தான் அவர் வாழ்வின் மிகச் சிறந்த செயல் நிகழ்ந்தது. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸின் எக்கோ பார்க் பகுதியில் தொல்குடி நடிகர் பயிற்சிப் பட்டறை ஒன்று உருவாக அவர் முன்னின்றார். 'தொல்குடி வேடங்களுக்குத் தேர்ந்த நடிகர்கள் அவர்களுள் கிடைப்பதில்லை' என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொன்ன காரணம். அக்காரணத்தின் வேரையே அறுப்பது பட்டறையின் நோக்கம். குரல், உடல்மொழி, வசனம், காமிராவின் முன் நிற்கும் முறை ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவர்கள் உருவானால், மறுப்பதற்குச் சாக்கு இராது. தாம் பெறாத பயிற்சியைப் பிறர்க்குக் கிடைக்கச் செய்த அவரது பெருந்தன்மை போற்றத்தக்கது.

அவர் கவிதைகளும் எழுதினார். கிராண்ட் ஆற்றங்கரையில் கழிந்த இளமை நினைவுகளே அவற்றின் ஊற்று. தொலைக்காட்சியில் தோன்றி அவற்றைத் தாமே படித்துக்காட்டியதும் உண்டு. பாலின் ஜான்சன் மேடைகளில் நின்று கவிதை சொன்ன மரபின் தொடர்ச்சியாக இதனைக் காணலாம். எந்தக் கருவி அவரைச் சிதைந்த மொழியில் பேச வைத்ததோ, அதே கருவியின் முன் நின்று முழுமையான மொழியில் தம் மண்ணைப் பாடினார். எழுவாய் அங்கே தன் இடத்துக்குத் திரும்பியது.

தம் வேடத்தைத் தாமே நகையாடும் துணிவும் அவருக்கு இருந்தது. 1969இல் ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சியில், வேலை கேட்டு நேர்காணலுக்கு வரும் டோன்டோவாக அவர் தோன்றினார். முப்பதாண்டுக் காலம் முகமூடி வீரனிடம் உழைத்தவன் இப்போது புது வேலை தேடுகிறான் என்பது நகைச்சுவையின் கரு. டோன்டோ என்பவன் ஊதியம் இன்றி உழைத்த ஒருவன் என்பதை மக்கள் அப்போதுதான் எண்ணிப் பார்த்திருப்பர். பிற்காலத்தில் பந்தயக் குதிரைகளை வளர்ப்பதில் அவர் ஈடுபட்டார். 1974இல் வண்டிப் பந்தய ஓட்டுநராக உரிமமும் பெற்றார்.

தம் பெயரில் ஒரு நட்சத்திரம்

1979ஆம் ஆண்டு ஜூலையில் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. அங்கே நட்சத்திரம் பெற்ற முதல் தொல்குடிக் கலைஞராக அவர் போற்றப்படுகிறார். அந்த நட்சத்திரத்தில் உள்ளது ஜே சில்வர்ஹீல்ஸ் என்னும் பெயர் மட்டுமே. 1987இல் நட்சத்திரம் பெற்ற கிளேட்டன் மூருக்கோ வேடத்தின் பெயரும் சேர்த்துப் பொறிக்கப்பட்டது.

இவ்விடத்து மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடற்குரியது. அதே 1979ஆம் ஆண்டில், பொது நிகழ்ச்சிகளில் முகமூடி அணியக்கூடாது என்று மூருக்கு நீதிமன்றத் தடை விதிக்கப்பட்டது. உரிமை பெற்ற நிறுவனத்தார் தொடுத்த வழக்கின் விளைவு அது. சில ஆண்டுகள் கழித்து அவ்வுரிமை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மூரின் முகமூடி துணியால் ஆனது. கழற்றலாம், தடுக்கலாம், மீட்கலாம். சில்வர்ஹீல்ஸுக்கு அவ்வாறன்று. அவர் முகத்தையே முகமூடியாகக் கொண்டு, அதற்குள் இருந்த விளையாட்டு வீரரையும் கவிஞரையும் ஆசிரியரையும் உலகம் காணாமலிருந்தது.

1980 மார்ச் 5 அன்று, தம் 67ஆம் வயதில், பக்கவாத நோயின் தொடர்ச்சியாக அவர் கலிஃபோர்னியாவில் காலமானார். அவரது அஸ்தி பிறந்த மண்ணான ஆறு இனங்களின் நிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1993இல் ஓக்லஹோமா நகரின் சிறந்த வெஸ்டர்ன் கலைஞர் வரிசையிலும், 1997இல் கனடிய லாக்ராஸ் புகழரங்கிலும் அவர் பெயர் இடம்பெற்றது.

நிறைவாக

'புரோக்கன் ஆரோ' வெளிவந்து நாற்பதாண்டு கழித்து, 1990இல், 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' வந்தது. அதில் லகோட்டா இனத்தார் தம் லகோட்டா மொழியிலேயே பேசினர். ஆங்கிலம் திரையின் அடியில் எழுத்தாக இறங்கியது. சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை, ஜெஃப் சாண்ட்லர் பெற்ற அதே பிரிவில், இம்முறை கிரஹாம் கிரீன் என்பவருக்குக் கிடைத்தது. ஆங்கில நாவலாசிரியரின் பெயரைக் கொண்ட இந்நடிகர் ஒனைடா இனத்தவர். 1952இல் பிறந்த இடம், சில்வர்ஹீல்ஸ் பிறந்த அதே ஆறு இனங்களின் நிலம். 1995இல் ஜிம் ஜார்முஷின் 'டெட் மேன்' படத்தில், வில்லியம் பிளேக்கின் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லும் தொல்குடியினராக நடித்த கேரி ஃபார்மரும் அம்மண்ணின் மைந்தரே.

ஆயினும் பாதை நேர்க்கோடன்று. 2013இல் 'தி லோன் ரேஞ்சர்' மீண்டும் படமானபோது, டோன்டோ வேடம் தொல்குடிச் சமூகத்தில் பிறந்து வளராத ஜானி டெப்புக்குச் சென்றது. 1933இல் வானொலி செய்ததை எண்பதாண்டு கழித்துத் திரைப்படம் திரும்பச் செய்தது. சில்வர்ஹீல்ஸ் அமைத்த பட்டறையின் தேவை அவரோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

ஒருவரது மொழியைப் பறிப்பதற்கு அவர் நாவை அறுக்க வேண்டியதில்லை. அவருக்கென்று ஒரு வசனத்தை எழுதி, அதையே அவர் மொழியென்று ஊரை நம்பவைத்தால் போதும். ஜே சில்வர்ஹீல்ஸ் அந்த வசனத்தைப் பிழைப்புக்காகப் பேசினார். ஓய்ந்த நேரத்தில் தம் சொந்த வரிகளை எழுதினார். இளைய நடிகர்களைத் தம் பக்கத்தில் அமர்த்திப் பேசப் பழக்கினார். 221 பகுதிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவர் கவிதைகளை அறிந்தோரோ மிகச் சிலர். எழுதப்பட்டவனை உலகம் நினைவிற்கொண்டு, எழுதியவரை மறந்த இந்நிலை, பிறருக்காக உரையாடல் எழுதும் ஒவ்வொரு படைப்பாளியும் தம் பாத்திரங்களின் நாவில் எத்தகைய வாக்கியத்தை வைக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கத் தூண்டுமாயின், கிராண்ட் ஆற்றங்கரையில் உறங்கும் அக்கலைஞர்க்கு அதுவே தக்க அஞ்சலியாகும்.